பேர் பெற்ற சரக்குக்குப் பேரை மாற்றலாமா?

திருநெல்வேலியிலிருந்து மதுரை ரோட்டைப் பிடித்தால் ஊர் முடிகிற கையோடு தாழையூத்து வந்துவிடும். இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் தன் முதல் ஆலையை 1949-இல் திறந்தது அங்கேதான். நிறுவனத்தை 1946-இல் தொடங்கியவர்களில் ஒருவரான சங்கரலிங்க ஐயர் பெயரில் ஆலையைச் சுற்றிய ஊர் சங்கர் நகர் ஆனது. சிமெண்ட் மூட்டையிலும் சங்கர் என்றே அச்சாகி வந்தது. நெல்லைச் சீமையில் வானம் தோண்டி வீடு கட்டிய யாரிடம் கேட்டாலும் சங்கர் சிமெண்ட் தெரியும் என்பார்கள். 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ், அல்ட்ராடெக் கைக்கு மாறியது. அதன் ஆலைகளில் தயாராகும் சிமெண்டை அல்ட்ராடெக் என்ற பெயருக்குக் கொண்டுவரும் வேலையும் தொடங்கிவிட்டது.

ஊரறிந்த ஒரு பெயரை ஏன் விடுகிறார்கள்? விட்டால் என்ன ஆகும்? எப்போது விடலாம்? இதைப் புரிந்துகொள்ள வணிகவியல் படித்திருக்க வேண்டியதில்லை. மளிகைக் கடையில் சாமான் வாங்கிப் பழக்கம் இருந்தால் போதும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் பெயரை முதலாளி இஷ்டம்போல மாற்றிக்கொள்ளட்டும். ஜனங்கள் கேட்டு வாங்குகிற சரக்கின் பெயரில் கை வைப்பதென்றால், வேறு வழியே இல்லை என்ற நிலை வந்திருக்க வேண்டும்.

கம்பெனி பெயர் வேறு, சரக்குப் பெயர் வேறு

முப்பது பொருள் விற்கிற கம்பெனியாக இருந்தாலும், ஜனங்கள் தேடி வருவது பெரும்பாலும் ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து விற்கும். அல்வாக் கடையில் காராச்சேவும் மிக்சரும் விற்பது அப்படித்தான். அல்வா வாங்க வந்தவர் கையில் அவையும் போகும். இப்படிக் கடைக்கு ஆளை இழுத்து வருகிற பொருளைத்தான் முதன்மைச் சரக்கு என்கிறோம். அதன் பெயரும் கம்பெனியின் பெயரும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த வித்தியாசம் பிடிபட்டால் மீதி எல்லாம் சுலபம்.

ஹீரோ ஹோண்டா கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1984-இல் தொடங்கிய கூட்டுக் கம்பெனி. 2010 டிசம்பரில் ஜப்பான்காரர்களும் நம்மவர்களும் பிரிவதாக அறிவித்தார்கள். 2011-இல் கம்பெனி ஹீரோ மோட்டோகார்ப் ஆனது. ‘ஹோண்டா’ என்ற பெயர் அவர்களுடையது அல்ல என்பதால் அதை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் 1994 முதல் ஓடிக்கொண்டிருந்த ஸ்பிளெண்டரை அவர்கள் தொடவில்லை. ஷோரூமுக்கு வருகிறவர் “ஸ்பிளெண்டர் இருக்கா?” என்றுதானே கேட்பார், வாசல் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். அந்த வண்டியின் விற்பனை தளராமல் போனதற்கு இந்த ஒரு முடிவும் காரணம் என்பது என் எண்ணம். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இன்னும் அது ‘ஹீரோ ஹோண்டா வண்டி’தான், அது வேறு விஷயம்.

இதையே இன்னொரு விதமாகச் செய்த உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ, 1996-இல் தொடங்கியபோது அதற்கு அட்வென்ட்நெட் என்று பெயர். 2005 முதல் ஸோஹோ என்ற பெயரில் இணையத்திலேயே வேலை செய்கிற மென்பொருள்களைக் கொடுத்தார்கள். அந்தப் பெயர் பரவியதும், 2009-இல் கம்பெனியே ஸோஹோ கார்ப்பரேஷன் ஆகிவிட்டது. கனடாவின் ரிசர்ச் இன் மோஷனும் 2013-இல் தன் போனின் பெயரையே எடுத்துக்கொண்டு பிளாக்பெர்ரி ஆனது. இரண்டு இடத்திலும் விட்டுக்கொடுத்தது கம்பெனியின் பெயர்தான். சரக்கின் பெயரைத்தான் ஜனங்கள் உச்சரிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டவர்கள் செய்கிற காரியம் இது.

வாங்குகிறவர் தலைக்குள் நடப்பது

ஒரு பேச்சுக்கு, கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கு இருக்கிற மவுசு நமக்குத் தெரியும். நம்முடைய கற்பனைக் கம்பெனியின் சரக்குக்கு ‘கிளி மார்க்’ என்று பெயர். பச்சை பாக்கெட், மூலையில் ஒரு கிளி. தாத்தா ஆரம்பித்தது; பேரன் வெளியூரில் படித்துவிட்டு வந்து ‘கிளி மார்க்’ பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறது என்று ‘க்ரிஸ்பியோ’ ஆக்குகிறார். பாக்கெட்டும் கறுப்பாகப் பளபளவென்று மாறுகிறது. உளுந்து அதேதான், பிரண்டைச் சாறு அதேதான், வெயிலும் அதே வெயில்தான்.

மறுவாரம் அம்பாசமுத்திரத்தில் ஒரு மளிகைக் கடை.

“அண்ணாச்சி, கிளி மார்க் அப்பளம் ரெண்டு கட்டு குடுங்க.”

“கிளி இப்ப வரலம்மா. க்ரிஸ்பியோனு புதுசா ஒண்ணு வந்திருக்கு, பாக்கியளா?”

“அது எந்த ஊருக்காரன் போடுதது? பொரிச்சா நல்லா இருக்குமா?”

“நல்லாத்தான் இருக்கும்னு சொல்லுதாங்க.”

“வேண்டாம் அண்ணாச்சி. வேற பழைய கம்பெனி எது இருக்கோ அதையே குடுங்க.”

இந்தப் பேச்சில் மூன்று விஷயம் நடந்திருக்கிறது. அந்த அம்மா கடைக்கு வரும்போது எந்த அப்பளம் வாங்குவது என்று யோசித்துக்கொண்டு வரவில்லை. அது என்றைக்கோ முடிவான சங்கதி. பெயர் மாறியதும், யோசனையே தேவைப்படாத ஒரு காரியத்துக்கு யோசனை தேவைப்பட்டுவிட்டது. யோசிக்க ஆரம்பித்தால் மற்ற கம்பெனிக்காரனுக்கும் வாய்ப்பு வந்துவிடும்; வந்தும்விட்டது. இரண்டாவது, அண்ணாச்சியின் பேச்சு. கிளி மார்க்கை அவர் தன் பொறுப்பில் கொடுப்பார். க்ரிஸ்பியோவை ‘சொல்லுதாங்க’ என்று பிறத்தியார் பொறுப்பில் தள்ளிவிட்டார். மூன்றாவது, அது அதே அப்பளம்தான் என்று அண்ணாச்சிக்கே தெரியவில்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பேர் பெற்ற பெயரின் மதிப்பு என்று பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதன் சாரம் இந்த முதல் விஷயம்தான். வாங்குகிறவருடைய பழக்கம் அந்தப் பெயரில் போய் உட்கார்ந்திருக்கிறது. பெயரை எடுத்தால் பழக்கமும் சேர்ந்து எழுந்துவிடும். தரம் அப்படியே இருக்கிறதே என்று பேரன் வாதாடுவார். தரத்தை நம்பி வாங்கியது முதல் நாலைந்து தடவைதான், தம்பி. அதற்கப்புறம் இருபது வருஷம் ஓடியது பழக்கத்தில்.

இன்னும் ஒரு படி மேலே போனால், சில பெயர்கள் கடைக்காரர் வைத்தவையே அல்ல. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, விளக்கு வெளிச்சம் கம்மியாக, சாயங்காலம் மட்டும் திறக்கிற அல்வாக் கடைக்கு ‘இருட்டுக்கடை’ என்று பெயர் வைத்தது அல்வா வாங்க வந்த ஜனங்கள். நாளைக்கே அங்கே நூறு ட்யூப் லைட் போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, வேறு ஏதாவது பெயரில் போர்டு மாட்டினாலும், டவுனில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரிப் பெயரை மாற்றுகிற அதிகாரம் காகிதத்தில் உரிமையாளருக்கு இருக்கும், நடைமுறையில் இருக்காது.

கேடிசி நகர் என்று பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு குடியிருப்பு இருக்கிறதே, கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் சுருக்கம் அது. அந்தக் கழகத்தின் பெயர் 1997-இல் போய்விட்டது; எல்லாம் தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. பஸ்ஸிலிருந்து பெயரை அழித்துக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஷேர் ஆட்டோக்காரர் இன்றைக்கும் ‘கேடிசி நகர், கேடிசி நகர்’ என்றுதான் கூவுகிறார். மாவட்டத்துக்கே 1986-இல் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர் வைத்து, 1997-இல் திரும்பவும் திருநெல்வேலி ஆக்கினார்கள். அந்தப் பதினோரு வருஷமும் கடிதத்தில் முகவரி எழுதினவர்களில் எத்தனை பேர் புதுப் பெயரைப் போட்டார்கள் என்று வீட்டுப் பரணில் கிடக்கிற பழைய இன்லேண்டு லெட்டர்களை எடுத்துப் பாருங்கள்.

மாற்றியே தீர வேண்டிய நேரங்கள்

இவ்வளவு சொன்ன பிறகும், மாற்றத்தான் வேண்டும் என்கிற நேரம் வரத்தான் செய்கிறது.

முதல் காரணம் சட்டம். பெயர் உங்களுடையது அல்ல, அல்லது இனிமேல் உங்களுடையது அல்ல. இதில் விவாதமே கிடையாது. அல்ட்ராடெக் என்ற பெயரே இப்படிப் பிறந்ததுதான். முன்பு அது எல் அண்ட் டி சிமெண்ட். எல் அண்ட் டி தன் சிமெண்ட் தொழிலைப் பிரித்து ஆதித்ய பிர்லா குழுமத்திடம் கொடுத்தபோது, தன் பெயரைக் கூடவே கொடுத்து அனுப்பவில்லை. 2004-இல் அந்தச் சிமெண்ட் அல்ட்ராடெக் ஆனது. இன்று சங்கர் மூட்டையின் பெயரை மாற்றுகிறவர்கள் ஒரு காலத்தில் தங்கள் பெயரையே இழந்து, புதிதாக ஒன்றை நட்டு வளர்த்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அந்த வேலையின் நெளிவுசுளிவு அவர்களுக்குத் தெரியும்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இன்னும் வேடிக்கை. முதலில் அதற்கு ஃபீனிக்ஸ் என்று பெயர். அதே பெயரில் வேறு கம்பெனி இருந்ததால் 2003-இல் ஃபயர்பேர்ட் என்று மாற்றினார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு தரவுத்தள மென்பொருள் இருந்தது. அவர்களும் சண்டைக்கு வர, 2004-இல் ஃபயர்ஃபாக்ஸ். புதுப் பெயர் வேறு யாருக்கும் சொந்தமா என்று தேடிப் பார்க்காமல் மாற்றினால் இப்படி இரண்டு தடவை மாற்ற வேண்டிவரும். அவர்களுக்கு அதிர்ஷ்டம், அப்போது அந்த உலாவியைப் பயன்படுத்தியவர்கள் குறைவு.

இரண்டாவது காரணம், பெயரே கெட்டுப்போவது. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி நல்ல உதாரணம். வெள்ளைத் தோல்தான் அழகு என்ற எண்ணத்தை அந்தப் பெயரே பரப்புகிறது என்ற எதிர்ப்பு பல வருஷமாக இருந்தது. 2020-இல் உலகம் முழுக்க நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்தபோது, இந்துஸ்தான் யூனிலீவர் அதை க்ளோ அண்ட் லவ்லி ஆக்கியது. எவ்வளவு கொஞ்சமாக மாற்றினார்கள் என்று பாருங்கள். ‘லவ்லி’ அப்படியே இருக்கிறது, ‘அண்ட்’ இருக்கிறது, சொல்லும்போது வருகிற ஓசையும் கிட்டத்தட்ட அதேதான். கடைக்காரரின் கை பழைய இடத்துக்கே போகும். அப்படியிருந்தும் தலைவலி இல்லாமல் இல்லை. ஆண்களுக்கான க்ரீமுக்கு வைத்த ‘க்ளோ அண்ட் ஹேண்ட்சம்’ என்ற பெயருக்காக இமாமி நிறுவனத்தோடு மும்பை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலும் அதே வருஷம், கறுப்பினத்தவரை இழிவாகக் காட்டுகிறது என்ற எதிர்ப்பால், இரண்டு பழைய பெயர்களை மாற்றப் போவதாக அறிவித்தார்கள். அங்கிள் பென்ஸ் என்ற அரிசி, ‘பென்ஸ் ஒரிஜினல்’ ஆனது. ஆன்ட் ஜெமைமா என்ற பேன்கேக் மாவு, 2021-இல் ‘பேர்ல் மில்லிங் கம்பெனி’ என்று முழுக்கவே வேறாக ஆகிவிட்டது. இரண்டும் மாற்ற வேண்டிய பெயர்கள்தான். முன்னதில் வாங்குகிறவர் பிடித்துக்கொள்ள ‘பென்’ மிச்சம் இருக்கிறது. பின்னதில் அப்படி ஒன்றும் இல்லை. நூற்றிமுப்பது வருஷப் பெயரை விட்டவர்கள், அந்த மாவை முதன்முதலில் தயாரித்த ஆலையின் பெயரைச் சரித்திரத்திலிருந்து எடுத்தோம் என்கிறார்கள். சரித்திரம் சரி. பாக்கெட்டைத் தேடுகிற வீட்டுக்காரிக்கு அது எப்படித் தெரியும்?

இங்கே ஒரு எச்சரிக்கை. பெயர் கெட்டுப்போவது வேறு, பெயருக்குக் கெட்ட நேரம் வருவது வேறு. 2015 ஜூனில் ஈயம் இருப்பதாகச் சொல்லி மேகி நூடுல்ஸுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது. நவம்பரில் மீண்டும் கடைக்கு வந்தபோது மேகி என்ற பெயரிலேயே வந்தது. புதுப் பெயர் வைத்திருந்தால் ‘ஒளிந்து வருகிறான்’ என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள். பழி சரக்கின் மேல் விழுந்தால் சரக்கைச் சரிசெய்ய வேண்டும், அல்லது சரியாகத்தான் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். பெயரை மாற்றுவது அதற்கு மருந்தல்ல.

உலகம் பூராவும் ஒரே பெயர் வேண்டும் என்பது மூன்றாவது காரணம். மார்ஸ் நிறுவனத்தின் சாக்லேட் அமெரிக்காவில் ஸ்னிக்கர்ஸ், பிரிட்டனில் மாரத்தான். 1990-இல் பிரிட்டனிலும் ஸ்னிக்கர்ஸ் ஆக்கினார்கள். முணுமுணுப்பு இருந்தது, ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. அதே பிரிட்டனில் 1998-இல் கெல்லாக்ஸ் தன் கோகோ பாப்ஸை சோகோ கிரிஸ்பீஸ் ஆக்கியது. குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து எதிர்க்க, ஓட்டெடுப்பு நடத்தி 1999-இல் பழைய பெயரையே திரும்ப வைத்தது. இரண்டும் ஒரே மாதிரி காரியந்தானே, ஒன்று நின்றது, ஒன்று நிற்கவில்லையே என்றால், என்னிடம் கறாரான பதில் இல்லை. தாக்குப் பிடிக்க மார்ஸ் தயாராக இருந்தது என்பது ஒரு பகுதி என்று நினைக்கிறேன். ஒரே பெயர் இருந்தால் ஒரே விளம்பரம் எல்லா நாட்டுக்கும் போதும் என்ற லாபமும் அவர்களுக்கு உண்மையான லாபம்.

நாலாவது ஒன்று இருக்கிறது, அதைக் காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை: புது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. ட்விட்டர் 2023 ஜூலையில் எக்ஸ் ஆனது. இன்னமும் செய்தியில் ‘முன்பு ட்விட்டர்’ என்று அடைப்புக்குள் போட வேண்டியிருக்கிறது. இணையத்தில் படம் காட்டுகிற எச்பிஓ மேக்ஸ் 2023-இல் வெறும் மேக்ஸ் ஆகி, 2025 ஜூலையில் மறுபடியும் எச்பிஓ மேக்ஸ் ஆகிவிட்டது. இரண்டு தடவையும் அதே கம்பெனி, கிட்டத்தட்ட அதே ஆட்கள்.

செலவு ஒளிந்திருக்கும் இடங்கள்

பெயர் மாற்றுவது என்றால் போர்டையும் லெட்டர்பேடையும் மாற்றுவது என்று நினைப்பவர்கள் உண்டு. நம் கிளி மார்க்குக்கே திரும்பிப் போவோம். பாக்கெட் அச்சடிக்கிற ஆலையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்கி வைத்திருப்பார்கள். ஐந்து வண்ணம் என்றால் ஐந்து சிலிண்டர். டிசைன் மாறினால் அத்தனையும் புதிதாகச் செதுக்க வேண்டும். கிடங்கில் கிடக்கிற பழைய பாக்கெட் சுருளை என்ன செய்வது? பிராண்டின் பெயர் மாறினால் பார்கோடு எண்ணும் புதிதாக வாங்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பில் போடும் கணினியில் கடைக்குக் கடை புதிதாக ஏற்ற வேண்டும். அப்புறம் சுவர் விளம்பரம். வள்ளியூரிலிருந்து கடையநல்லூர் வரை எந்தெந்தச் சுவரில் எழுதினோம் என்று கணக்கு வைத்திருக்கிறவர் யார்?

வர்த்தகக் குறியைப் பதிவு செய்வதற்கான அரசுக் கட்டணம் இதிலெல்லாம் சின்னத் தொகை. இணையவழி விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். பொருள்களையும் சேவைகளையும் மொத்தம் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். விண்ணப்பத்தைப் பரிசீலித்து வர்த்தகக் குறி இதழில் வெளியிட்டபின் நாலு மாதம் வரை யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். பதிவானால் பத்து வருஷம் செல்லும். அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பழைய பதிவிலேயே திருத்தம் போட்டுப் புதுப் பெயரை நுழைக்க முடியுமா என்று கேட்பார்கள். குறியின் அடையாளம் மாறாத சில்லறைத் திருத்தம் மட்டும்தான் முடியும். ‘கிளி மார்க்’ என்று பதிந்ததை ‘க்ரிஸ்பியோ’ ஆக்க முடியாது, புது விண்ணப்பம்தான்.

ஊர்ப் பெயரோடு சேர்ந்த சரக்கு என்றால் கணக்கே வேறு. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்தமடைப் பாய்க்கும் உண்டு. அந்தப் பெயர் ஒரு கம்பெனிக்குச் சொந்தமல்ல, அங்கே அந்த முறையில் செய்கிற எல்லோருக்கும் சேர்த்து. மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்வியே தனி ஒருவருக்கு எழாது.

கொத்தனாரும் பாட்டியும்

தாழையூத்துக் கேள்விக்கு வருவோம். சங்கரை அல்ட்ராடெக் ஆக்குவது புத்திசாலித்தனமா?

என் கட்சிப்படி பார்த்தால் கூடாது என்று சொல்ல வேண்டும். ஆனால் சிமெண்ட் அப்பளம் அல்ல. வீடு கட்டுகிறவர் வாழ்நாளில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை சிமெண்ட் வாங்குகிறார். மாதாமாதம் வாங்கிப் பழகிய கை அல்ல அது. எந்தச் சிமெண்ட் என்று முடிவு செய்வது பெரும்பாலும் கொத்தனார், மேஸ்திரி, இன்ஜினியர், டீலர். “இதப் போடுவோம் அண்ணாச்சி, செட்டிங் நல்லா இருக்கும்” என்று கொத்தனார் சொன்னால் முடிந்தது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் சிமெண்ட் விற்கவும் முடியாது, ஆகவே மூட்டைக்கு மூட்டை பெரிய வித்தியாசம் இருக்காது என்ற நம்பிக்கையும் அவருக்கு இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் பேசி ஒத்துக்கொள்ள வைக்க வேண்டிய ஆட்கள் சில நூறு பேர். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிடலாம். அப்பளம் வாங்குகிற பாட்டிகளை அப்படிக் கூப்பிட்டு உட்கார வைக்க முடியாது.

இன்னொன்று, புதுப் பெயர் யாருக்கும் தெரியாத பெயர் அல்ல. அல்ட்ராடெக்கை நாடு முழுக்கத் தெரியும். க்ரிஸ்பியோவுக்கு வந்த ‘எந்த ஊருக்காரன்’ என்ற கேள்வி இதற்கு வராது. இரண்டு பெயருக்கும் தனித்தனியாக விளம்பரம் செய்கிற செலவும் மிச்சம். ஆகவே இந்த மாற்றம் வியாபாரக் கணக்கில் தேறிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஊர்க்காரனுக்கு ஆதங்கம் இருந்தால் அது நியாயமான ஆதங்கம். அதற்கு லாப நஷ்டக் கணக்கில் இடம் கிடையாது, அவ்வளவுதான். சங்கர் நகர் சங்கர் நகராகவே இருக்கும், கேடிசி நகர் இருப்பதுபோல.

ஆக, பார்க்க வேண்டியது இதுதான்: பெயர் எத்தனை பேர் வாயில் இருக்கிறது, அவர்கள் எத்தனை நாளைக்கு ஒருமுறை அதை உச்சரித்து வாங்குகிறார்கள், அவர்களிடம் நேரில் போய்ச் சொல்ல முடியுமா.

இந்த அளவுகோலை ‘அரட்டை’ என்ற, செய்தி அனுப்புகிற செயலிக்கு வைத்துப் பாருங்கள். ஸோஹோவின் அந்தச் செயலி 2021-இல் வந்தது. 2025 செப்டம்பர், அக்டோபரில் திடீரென்று நாடு முழுக்கத் தரவிறக்கினார்கள். வடக்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வரவில்லை, பெயரை மாற்றுங்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பெயர் இன்னும் கோடிக்கணக்கானவர்களுடைய அன்றாடப் பழக்கமாக ஆகாத சமயத்தில் மாற்றினால் சேதம் கம்மி என்பது உண்மை. ஆனால் அந்தப் பேச்சே அந்தப் பெயரை ஊர் ஊராகக் கொண்டு போனதையும் பார்க்க வேண்டும். வாயில் நுழையாத எத்தனையோ வெளிநாட்டுக் கார் பெயரை நாம் பழகிக்கொள்ளவில்லையா? மாற்றாமல் இருப்பதே நல்லது என்பேன்.

மாற்றுவதென்றே ஆனால்

பேரன் கேட்கமாட்டேன் என்கிறார், கிளி மார்க் போகத்தான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது செய்ய வேண்டியது, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் இருப்பது. பெயர் மாறுகிற வருஷம் பச்சை நிறம் மாறக் கூடாது, கிளி மறையக் கூடாது, விலையும் எடையும் மாறவே கூடாது. பாக்கெட்டின் முன்பக்கம் இரண்டு பெயரும் இருக்கட்டும்: முதலில் பழையது பெரிதாக, புதியது சிறிதாக; பிறகு தலைகீழாக; கடைசியில் ‘பழைய கிளி மார்க்’ என்று ஒரு வரி. இதற்கு எத்தனை மாதம் என்று கேட்டால், சரக்கைப் பொறுத்தது. தினமும் விற்கிற சரக்கு என்றால் சீக்கிரம் முடியும். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மட்டும் வாங்குகிற சரக்கு என்றால் ஒரு தைப்பொங்கலிலிருந்து அடுத்த தைப்பொங்கல் வரையாவது விட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அண்ணாச்சிமாரிடம் சொல்ல வேண்டும். விளம்பரத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டால், மேலே பார்த்த பேச்சுதான் கடைக்குக் கடை நடக்கும்.

அப்புறம் பழைய பெயர். புதுப் பெயர் நிலைத்துவிட்டது என்று நினைத்துப் பழைய பதிவைப் புதுப்பிக்காமல் விடுகிறவர்கள் உண்டு. அது போதாதென்று, புதுப்பித்து வைத்திருந்தாலும், பதிவான குறியைத் தொடர்ந்து ஐந்து வருஷமும் மூன்று மாதமும் வியாபாரத்தில் பயன்படுத்தாமல் விட்டால், அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி இன்னொருவர் மனுப் போட முடியும். ஆகவே ஏதாவது ஒரு சின்னச் சரக்கிலாவது, வடகமோ வத்தலோ, கிளி மார்க் என்ற பெயரைப் போட்டு உண்மையாகவே விற்றுக்கொண்டிருக்க வேண்டும், பில்லையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தெருக்காரர் பச்சை பாக்கெட்டில் கிளி போட்டு, மேலே ‘ஒரிஜினல்’ என்று எழுதிக் கொண்டுவந்துவிடுவார். அம்பாசமுத்திரத்து அம்மா அதைத்தான் வாங்குவார்.